பத்து லட்சம் டாலர் ஃபார்வர்டு

சன்ரைஸ், ஃபுளோரிடா
15 மே 2022

அன்புள்ள சேது,

டாம்பாவிலிருந்து காரில் தெற்கே வந்து, நேப்பிள்ஸ் ஊரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் ‘அலிகேட்டர் ஆலி’ என்கிற நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். கண்ணுக்கு எட்டியவரை கோரைப்புல், இடையிடையே தண்ணீர், சாலையோரம் நெடுக வேலி. அந்தச் சதுப்பு முடிகிற விளிம்பில் இருக்கிறது சன்ரைஸ். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற இந்த மே மாதப் புழுக்கத்தில், ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு எதிரே ஐஸ் ஹாக்கி அரங்கம். ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியின் வீடு அதுதான்.

புல்தரை ஹாக்கியில் வளர்ந்தவன் நீ. கார்ட்டர் வெர்ஹேகி என்ற ஃபார்வர்டை உனக்குக் காட்ட முடியவில்லையே என்றுதான் புதன்கிழமை இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டனுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஐந்தாவது ஆட்டம். பாந்தர்ஸ் 0-3 என்று பின்தங்கிவிட்டது. பிறகு வரிசையாக ஐந்து கோல் போட்டு 5-3 என்று ஜெயித்தது. அந்த ஐந்திலும் வெர்ஹேகியின் கை இருந்தது: இரண்டு அவர் அடித்தவை, மூன்று அவர் கொடுத்தவை. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் பிளாஸ்டிக் எலிகளை மைதானத்தில் எறிந்தார்கள். 1995இல் ஸ்காட் மெலன்பி என்ற வீரர் உடைமாற்றும் அறையில் ஓடிய எலியை மட்டையால் அடித்துக் கொன்றுவிட்டுப் போய் இரண்டு கோல் போட்டாராம்; அன்று தொடங்கிய வழக்கம்.

சம்பளக் கணக்குக்கு வருகிறேன். பாந்தர்ஸ் ஆடும் லீகில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிட உச்சவரம்பு உண்டு. இந்தப் பருவத்துக்கு 8 கோடியே 15 லட்சம் டாலர். பாந்தர்ஸ் கோல்கீப்பர் பாப்ரோவ்ஸ்கி ஒருவருக்கே அதில் ஒரு கோடி. கேப்டன் பார்கோவுக்கு 59 லட்சம். அவருக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் ஓடும் வெர்ஹேகிக்கு வெறும் 10 லட்சம். லீகின் குறைந்தபட்சச் சம்பளமே ஏழரை லட்சம்! அந்தப் பணத்துக்கு இந்தப் பருவத்தில் 78 ஆட்டங்களில் 24 கோல், 31 அசிஸ்ட் கொடுத்திருக்கிறார். பாந்தர்ஸ் 122 புள்ளிகளோடு லீகிலேயே முதலிடம் பிடித்ததில், அவர் மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தார்? பிறந்த ஊரான டொரண்டோவின் அணிதான் 2013இல் இளம் வீரர்கள் தேர்வில் அவரை 82ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு மாற்றிவிட்டது. அவர்கள் மூன்றாம் படி லீக் வரை கீழே அனுப்பிவிட்டு, 2017இல் ஒரு கோல்கீப்பருக்குப் பதிலாக டாம்பா அணியிடம் கொடுத்தார்கள். டாம்பாவின் கிளை அணியான சிராக்யூஸில் 2018-19 பருவத்தில் கோலும் அசிஸ்டும் சேர்த்து 82 புள்ளிகள் எடுத்தார். இரண்டாம் படி லீகில் அந்த ஆண்டு அவரை மிஞ்ச ஆளில்லை. மறு ஆண்டு டாம்பா பெரிய அணிக்குக் கூப்பிட்டது, ஆனால் பின்வரிசையில் கொஞ்ச நேரமே ஆடக் கிடைத்தது. 52 ஆட்டம், 9 கோல். 2020இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்ற சில நாட்களிலேயே அவரைக் கைவிட்டது. நட்சத்திரங்களின் சம்பளம் உச்சவரம்பை முட்டிக்கொண்டிருந்ததால், ஒப்பந்தம் முடிந்த இளைஞரைத் தக்கவைக்கத் தரவேண்டிய குறைந்தபட்சச் சலுகையைக்கூட அவர்கள் தரவில்லை. பாந்தர்ஸ் இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது.

அந்த 9 கோலை வைத்து அவருக்கு விலை போட்டவர்கள், எத்தனை நிமிடம் ஆடி அதை எடுத்தார் என்று பார்க்கவில்லை. சிராக்யூஸ் கணக்கு எல்லோர் கண்ணெதிரே கிடந்தது. அதை நம்பி முதல் வரிசையில் நிறுத்திய பாந்தர்ஸை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நேரில் பார்த்தால் தெரியும், சேது. ரப்பர் வட்டு மட்டையில் பட்ட மாத்திரத்தில் அடித்துவிடுகிறார். கோல்கீப்பர் நகர்ந்து நிற்பதற்குள் வலை ஆடுகிறது. வேகம் குறையாமலே திரும்பவும் அவருக்குத் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை வாஷிங்டனில் ஆறாவது ஆட்டம். ஓட்டல் அறையில் டிவியில் பார்த்தேன். 3-3, ஓவர்டைம். மூன்று நிமிடம் ஆவதற்குள் வெர்ஹேகி அடித்தார். நான்காவது ஆட்டத்தையும் ஓவர்டைமில் முடித்துவைத்தவர் அவர்தான். ஆறு ஆட்டத்தில் 12 புள்ளிகள்! 1996க்குப் பிறகு பாந்தர்ஸ் ஒரு பிளேஆஃப் தொடரை வெல்வது இதுதான் முதல் தடவை. கீழ்த்தளத்தில் யாரோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பருவத்திலிருந்து அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 41 லட்சத்து 67 ஆயிரம். போன ஆகஸ்டிலேயே கையெழுத்தாகிவிட்டது. அதுவும் குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது.

நேற்றிரவு டாம்பா ஏழாவது ஆட்டத்தில் டொரண்டோவை 2-1 என்று வீழ்த்தியது. இவரை விட்டுவிட்ட அணி ஒன்று, இவரை விட்டுவிட்ட இன்னொன்றை வெளியேற்றியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை டாம்பா இங்கே வருகிறது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
ரகு