பொய் மீன் எறியிற ஆக்கள்

திருகோணமலையில் தூண்டிலோடு நிற்கிற ஆளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடற்கரை, பாலம், ஜெற்றி என்று எங்கே போனாலும் யாரோ ஒருவர் தங்கூசியை விரலில் சுற்றிக்கொண்டு குந்தியிருப்பார். எங்களை மட்டும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏனென்றால் எங்களிடம் இரை இல்லை. இறால் இல்லை, கணவாய்த் துண்டு இல்லை, நெத்தலியும் இல்லை. மரத்தில் செய்த பொய் மீன் ஒன்றைக் கட்டி எறிகிறோம், இழுக்கிறோம், திரும்பவும் எறிகிறோம். ஒரு காலமைக்குள் நூறு, நூற்றைம்பது தரம். "விசர்ப் பெடியள், கடலுக்குக் கல்லெறியிறாங்கள்" என்று ஒரு ஐயா சொல்லிப்போட்டுப் போனார். பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

நாங்கள் ஐந்து பேர். நாலு பெடியள், ஒரு பெட்டை. (அவளைத்தான் ஆக்கள் கூடப் பார்க்கிறது. எங்களில் தூரமாக எறியிறதும் அவள்தான்.) லூர் என்ற சாமானை நாங்கள் முதலில் கண்டது யூரியூப்பில். பிறகுதான் விளங்கியது, பொய் இரை எங்கட கடலுக்குப் புதுசில்லை என்று. அறக்குளாவுக்கும் சூரைக்கும் வள்ளத்தில் போகிறவர்கள் இறகையோ வெள்ளை நைலோன் நாரையோ முள்ளில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். அதைக் கல்லில் நின்று செய்வதுதான் ஊருக்கு விநோதம்.

ஏன் கல்? ஆழம்தான் காரணம். கோணேசர் கோயில் நிற்கிற சுவாமிமலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மணற்கரையில் அரை மைல் போய்த் தேட வேண்டிய ஆழம் இங்கே காலடியிலேயே கிடக்கிறது. அலை கல்லில் அடித்து வெள்ளை நுரையாகத் திரும்புகிற இடத்தில் சின்ன மீன் தடுமாறும். பாரை அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் காத்திருக்கும்.

பொப்பருக்கு முன்பக்கம் குழிந்த வாய். வெட்டி இழுத்தால் தண்ணியை அள்ளித் துப்பும், 'சளப்' என்று சத்தம் வரும். காயப்பட்ட மீன் மேலே வந்து துடிக்கிற மாதிரி. அதை நுரையின் ஓரத்தால் கொண்டுவர வேணும். வேகமாக இழுத்தால் துள்ளி வெளியே வந்துவிடும், மெதுவாக இழுத்தால் வெறும் கட்டைதான். எங்களுக்கு அந்த இழுவை கைக்கு வர ஒரு வருசம் போனது. மீன் அடித்த பிறகு இருக்கிறது ஐந்து, ஆறு செக்கன்தான். பாரை நேரே கல்லிடுக்கைப் பார்த்து ஓடும். ஓட விட்டால் பின்னல் நூல் கல்லில் உரசி அறுந்துவிடும். அதனால்தான் முன்னுக்கு ஒரு பாகம் தடித்த தங்கூசி கட்டுகிறோம், ரீலையும் இறுக்கி வைக்கிறோம். உலக சாதனைப் பாரை 2006 இல் ஜப்பானில் பிடிபட்டது, 72.8 கிலோ. அப்படி ஒன்று எங்களுக்கு அடித்தால் பெரும்பாலும் நாங்கள்தான் கடலுக்குள் போவோம்.

அது பகிடி இல்லை. கல்லுக்கு வந்ததும் கால் மணித்தியாலம் ஒருவரும் எறிய மாட்டோம், அலையைப் பார்ப்போம். பெரிய அலை தனியே வராது, கூட்டமாக வரும். இடையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அந்த அமைதியை நம்பித்தான் ஆக்கள் கீழே இறங்குவார்கள். கல் கறுப்பாக, ஈரமாக இருந்தால் பாசி. அங்கே கால் வைப்பதில்லை, மீன் கொளுவிக் கிடந்தாலும் வைப்பதில்லை. தனியே வருவதும் இல்லை.

எல்லாக் கல்லிலும் நிற்கவும் ஏலாது. கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை. யுத்தகாலத்தில் மீன்பிடிக்கே நேரக் கட்டுப்பாடு இருந்தது, பாஸ் இருந்தது. மாமாமார் அதைச் சொல்லும்போது, விடியப்புறம் நாலு மணிக்கு ரொட்டோடு நடந்து போகிற எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பொறாமை என்று சொல்ல ஏலாது. பயம்தான் இன்னும் போகவில்லை.

2022 இல் டொலர் ஏறிய பிறகு ஒரு நல்ல லூரின் விலை எங்களில் ஒருவரின் கிழமைச் சம்பளம் மாதிரி வந்துவிட்டது. கல்லில் சிக்கினால் அதோடு சரி. அப்போதுதான் முள்முருக்கு மரத்தில் நாங்களே செதுக்கத் தொடங்கினோம். நடுவால் கம்பி விட்டு, வயிற்றுக்குள் ஈயம் வைத்து, நகப்பூச்சு அடித்தோம். முதல் செய்தவை பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வந்தன. ஈயத்தைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு நிமிர்ந்தன.

அதே வருசம்தான் அந்தப் பாரையும் வந்தது. பதினொரு கிலோவுக்கு மேல். கொளுவினவன் எங்களில் கடற்றொழில் வீட்டுப் பெடியன். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பாரையை விடுவது, ஏனென்றால் அந்த அளவுக்குப் பிறகுதான் முட்டை வைக்கிற வயசு வரும். மிகப் பெரியதையும் விடுவது, ஏனென்றால் அது நிறைய முட்டை வைக்கும். இடைப்பட்டதில் ஒன்றிரண்டு கறிக்கு. அவன் மீனைக் கல்லில் வளர்த்தினான். நாங்கள் தண்ணிப்பக்கம் பார்த்தோம், அவன் றோட்டுப்பக்கம் பார்த்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் அவன்ர அப்பாவின் வள்ளம் கிழமைக்கணக்காகக் கரையில் கிடந்தது. "பிடிச்ச மீனை விடுறது வயிறு நிறைஞ்சவன்ர விளையாட்டு" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனான். ஒருவரும் மறிக்கவில்லை. ஒருவரும் கூடப் போகவும் இல்லை. இரண்டு கிழமை அவனோடு கதை இல்லை.

பிறகு அவன் வீட்டுக்குப் போனோம். அப்பா தேத்தண்ணி தந்தார், கதையை அவரே தொடக்கினார். "முட்டைக்காரியை விடவேணும் எண்டு எங்களுக்கும் தெரியும் தம்பியவை. வெடி போடுறவனுக்குப் போய்ச் சொல்லுங்கோ."

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் வெடியைத் தடைசெய்கிறது. ஆனாலும் சில காலமைகளில் கல்லில் நிற்கும்போது தூரத்தில் அந்த 'டொம்' கேட்கும், காலுக்குக் கீழே தெரியும். செத்த மீனில் ஒரு பங்கு மிதக்கும், மிச்சம் அடிக்குத் தாழும். குஞ்சு, முருகைக்கல் எல்லாம் சேர்த்து ஒரே அடி. நாங்கள் முள்ளின் எதிர்ச்செதிலை நசுக்கி, மூன்று முள்ளைக் கழற்றி ஒற்றை முள்ளாக்கி, மீனின் வாய் கிழியாமல் எடுப்பது எப்படி என்று மணிக்கணக்காகக் கதைக்கிற ஆக்கள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கட கதை எங்களுக்கே அந்நியமாகிப் போகும். அதற்காக முள்ளை மாற்றுவதை நிறுத்தவும் மனம் வரவில்லை.

ஒப்பந்தத்தைத் திருத்தினோம். சின்னதை விடுவதில் மாற்றமில்லை. பெரியதைக் கொளுவினவர் தீர்மானிப்பார், மற்ற நாலு பேரும் வாய் திறக்கக்கூடாது. அதற்குப் பிறகு வந்த மூன்று பெரிய பாரைகளில் இரண்டு கடலுக்குப் போயின, ஒன்று அவள் வீட்டுச் சொதிக்குப் போனது. தலை எங்களுக்கு.

இப்போது வாடை தொடங்கிவிட்டது. தை போகும் வரைக்கும் கல்லுப்பக்கம் போக ஏலாது. ரீல்களைக் கழற்றி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறோம், துருப்பிடித்த முள்ளெல்லாம் குப்பைக்கு. போன கிழமை அந்த அப்பா எங்கட பொப்பர் இரண்டு கேட்டு அனுப்பியிருந்தார், வள்ளத்தில் கட்டி இழுத்துப் பார்க்கவாம். வாய்க் குழியைக் கொஞ்சம் குறைத்துச் செதுக்கிக்கொண்டிருக்கிறோம், வள்ளத்தின் வேகத்துக்கு இது துள்ளும்.