நெஞ்சு மட்டத்தில் ஓடும் குழாய்

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், வாகனம் விடவென்று வெட்டின நிலக்கீழ் அறையில்தான் இரண்டு வருசமாக இருக்கிறோம். நாலு பேர், நாலு ஊர், ஒரே கலைப்பீடம். ஹொஸ்டல் கிடைக்கவில்லை. மேல்மாடி அறைகளின் வாடகை மஹாபொலவுக்குள் அடங்காது. அறையின் ஒரே ஜன்னல் கூரையோடு ஒட்டியிருக்கும். அதால் பார்த்தால் ஒழுங்கையில் போறவர்களின் செருப்பு மட்டும் தெரியும்.

அந்த அறையில் கக்கூஸ் இல்லை. முதல் வருசம் முழுக்க மேலே அன்ரியின் வீட்டு ரொய்லெட்டைத்தான் பாவித்தோம். இரவு பத்தரைக்கு அன்ரி கிரில்லைப் பூட்டிவிடுவா. தனியா இருக்கிற மனுசி, அவவுக்குப் பயம். அதைப் பிழை சொல்ல மாட்டோம். ஆனால் பத்தரைக்குப் பிறகு எங்களுக்கு உடம்பே இல்லாத மாதிரி இருக்க வேண்டியிருந்தது. பின்னேரம் ஆறு மணியோடு தண்ணி குடிப்பதை நிறுத்தினோம். பீரியட்ஸ் நாட்களில் கம்பஸ் ரொய்லெட் பூட்டும் வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வருவோம். ஒரு வாளியும் இருந்தது. அதைப்பற்றி எங்களுக்குள்ளேயே நாங்கள் கதைத்ததில்லை.

கிளிநொச்சிக்காரி மட்டும் இதெல்லாம் பெரிசில்லை என்பாள். 2009 இல் ஆறு வயசில், செட்டிக்குளம் முகாமில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொய்லெட் வரிசையில் நின்றவள். கடைசியில் சிறுநீரில் கிருமி தொற்றி, காய்ச்சலும் நடுக்கமுமாக நாலு நாள் வார்டில் படுத்தது அவள்தான். தண்ணி எவ்வளவு குடிக்கிறாய் என்று டொக்டர் கேட்டபோது சுவரைப் பார்த்தாளாம்.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து அன்ரியிடம் போனோம். அன்ரி மறுக்கவில்லை. ஒரு பைப் பாஸைக் கூட்டிவந்தா.

ஒரு கொமட்டை வைத்து ஒரு பைப்பைப் போட்டால் சரி என்றுதான் நினைத்திருந்தோம். பாஸ் ஒன்றும் சொல்லாமல் ஒரு நீளமான கண்ணாடி ரியூப்பில் தண்ணி நிரப்பி, ஒரு நுனியை கேற்றடியில் பிடிக்கச் சொல்லிவிட்டு மற்ற நுனியோடு கீழே வந்தார். தண்ணி நின்ற இடத்தில் எங்கள் சுவரில் பென்சிலால் ஒரு கோடு. அது தெருவின் மட்டம், நிலத்திலிருந்து ஏழு அடி. பிறகு வெளியே மேன்ஹோல் மூடியைத் திறந்து, பைப் மூன்றடி ஆழத்தில் போவதை அளந்துவிட்டு வந்து, முதல் கோட்டிலிருந்து மூன்றடி கீழே இன்னொரு கோடு போட்டார். அது எங்கள் தோளுக்குக் கொஞ்சம் கீழே, நெஞ்சு மட்டத்தில் நின்றது. ஒழுங்கை முழுவதின் கழிவும் அந்த உயரத்தில்தான் போகிறது என்று சிங்களத்தில் சொன்னார். ஹட்டன்காரி மொழிபெயர்த்தாள்.

கழிவுக் குழாய் சும்மா சரிவில்தான் ஓடும். ஆகவே நிலத்தில் வைக்கும் கொமட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குத் தானாக எதுவும் ஏறாது. கொமட்டை நாலடிக்கு மேல் மேடை கட்டி வைக்கலாம், ஆனால் தலை கூரையில் இடிக்கும். மலக்குழி வெட்டக் காணியில் இடமில்லை. இருந்தாலும் கடலுக்குக் கிட்ட, தோண்டினால் தண்ணிதான் வரும். கொமட்டுக்குப் பின்னால் வைத்து எல்லாவற்றையும் அரைத்து ஒடுங்கின பைப்பால் மேலே தள்ளும் மெஷின் ஒன்றும் உண்டு. பாஸ் எங்கள் நாலு பேரின் தலைமயிரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

கடைசியில், நிலத்தை வெட்டி உள்ளே ஒரு தாங்கி இறக்கினார்கள். காற்றுப் போகாத மூடி, நாற்றம் போக மாடி வரை ஒரு பைப், உள்ளே கழிவு மோட்டர், அதோடு ஒரு மிதவை. தாங்கி நிரம்ப மிதவை எழும்பும், மோட்டர் தானாக ஓடும். பைப் தெரு மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து பிறகு மேன்ஹோலுக்கு இறங்கும். நடுவில் ஒரு ஒருவழி வால்வ். பாஸ் எல்லாவற்றையும் விட அந்த வால்வுக்குத்தான் அதிக நேரம் செலவழித்தார். மழைக்குத் தெருக் குழாய் நிரம்பினால், வழிகிற முதல் வாய் ஒழுங்கையில் ஆகத் தாழ்வான கொமட். அது எங்களுடையது.

ஆங்கிலேயர் காலத்தில் போட்ட கொழும்பின் கழிவுக் குழாய்கள் போய் முடிவது கடலில். ஒன்று முகத்துவாரத்தில், மற்றது இதே வெள்ளவத்தையில். நாங்கள் பின்னேரம் போய் வடை சாப்பிடும் கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு போகிறது. இது தெரிந்த பிறகும் வடை சாப்பிடத்தான் செய்கிறோம்.

முதல் இரவு மூன்று மணிக்கு மோட்டர் உறுமினபோது எல்லாரும் முழித்துவிட்டோம். பத்து செக்கனில் நின்றது. மட்டக்களப்புக்காரி இருட்டில் "தண்ணிப் போத்தலைத் தா" என்றாள். அந்த நேரத்தில் அந்த அறையில் யாரும் தண்ணி கேட்டது அதுதான் முதல்தரம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்றார்கள். நாடே குரங்கு மீம்ஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் தாங்கியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கரண்ட் இல்லாவிட்டால் நாலைந்து தடவைதான் தண்ணி ஊற்றலாம் என்று பாஸ் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒன்று. பின்னேரம் நாலு மணிக்குள் அந்தக் கணக்கும் முடிந்தது. 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது இங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தோம். இருட்டினதும் அன்ரி மெழுகுதிரியோடு படியில் நின்று, "பிள்ளையள், மேல வாங்கோ, கிரில் திறந்துதான் இருக்கு" என்றா. அன்றைக்கு கரண்ட் வந்த பிறகும் பூட்டவில்லை. அடுத்த நாள் பத்தரைக்குப் பழையபடி பூட்டினா.

எல்லாம் நல்லபடி என்று சொல்ல வரவில்லை. ரொய்லெட் வந்ததோடு ஆளுக்கு மூவாயிரம் வாடகை கூடியது. அதற்குமேல் "மோட்டர் கரண்டுக்கு" மாதம் இரண்டாயிரம். 750 வொட் மோட்டர், ஒரு நாளைக்கு எல்லாம் கூட்டினாலும் ஐந்து நிமிசம் ஓடாது. மாதத்துக்கு இரண்டு யூனிட்டும் வராது. கொப்பி ஒற்றையில் கணக்குப் போட்டுக்கொண்டுபோய்க் காட்டினோம். அன்ரி கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தா. "ஆர்ட்ஸ் பிள்ளையள் எண்டு நினைச்சன், நல்லா கணக்குச் செய்யிறியள்" என்றா.

இந்த மாதமும் இரண்டாயிரம் கொடுத்தாச்சு. ஒற்றையை இன்னும் திருப்பித் தரவில்லை.