கம்பிக்கும் பதம் உண்டு

சேலத்தில் கொலுசு விற்கும் இடம் செவ்வாய்ப்பேட்டை. அது பிறக்கும் இடங்களைத் தேடிச் சிவதாபுரம், பனங்காடு பக்கம் போக வேண்டும். தனித் தொழிற்கூடம் என்று எதுவும் கண்ணில் படாது. வீட்டின் முன்னறையோ பின்கட்டோதான் பட்டறை. வியாபாரி வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார். பட்டறைக்காரர் கொலுசை எடைபோட்டுத் திருப்பித் தருவார். ஒத்துக்கொண்ட சேதாரம் போக, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

நான் போனது ஒரு சின்னக் கேள்வியோடு. கம்பியை வளைத்துத் தோடும் மோதிரமும் வீட்டிலேயே செய்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கடையில் கம்பி வாங்கும்போது தடிமனைப் பற்றி எல்லோரும் கேட்பது, "எத்தனை கேஜ் நல்லது?" என்பதுதான். அதையே ஒரு பட்டறையின் பெரியவரிடமும் கேட்டேன்.

"கேஜ் கெடக்கட்டும் தம்பி. அந்தக் கம்பி நகையில எங்க உக்காரப் போவுது? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் வேலையைப் பார்க்கப் பார்க்கத்தான் விளங்கியது. சுத்த வெள்ளி நகைக்கு ஆகாது, அவ்வளவு மெத்து. அதனால் செம்பு சேர்த்து உருக்குகிறார்கள். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்புதான் உறுதி தருகிறது. உருக்கி வார்த்த கட்டியைப் பள்ளம் வெட்டிய இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டுகிறார்கள். பிறகு கம்பியச்சு. கனத்த எஃகுத் தகட்டில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளைகள். கம்பியின் முனையை அரத்தால் கூராக்கி, எண்ணெய் தடவி, துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு துளையைத் தாண்டினால் அடுத்த துளை.

இழுக்க இழுக்கக் கம்பி மெலிகிறது, கூடவே முறுகுகிறது. அதைப் பொருட்படுத்தாமல் மேலும் இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அதனால் சில துளைகளுக்கு ஒருமுறை கம்பியைச் சுருட்டி நெருப்பில் காட்டுகிறார்கள். பட்டறையில் அந்த மூலை மட்டும் எப்போதும் மங்கலாக இருக்கிறது. வெளிச்சத்தில் நிறம் தெரியாதாம். மங்கிய சிவப்பு ஏறியதும் நெருப்பை விலக்கி நீரில் போட்டால் கம்பி மறுபடி நூல்போலக் குழைகிறது. சூடு அதற்கு மேல் ஏறினால் வெள்ளி சொரசொரத்துப்போகும். இன்னும் ஏறினால் உருகிவிடும்.

ஆக, ஒரே தடிமனில், ஒரே உலோகத்தில் இரண்டு கம்பிகள் இருக்க முடியும்: குழைந்தது ஒன்று, முறுகியது ஒன்று. கொலுசின் வளையங்களுக்குக் குழைந்த கம்பி. முறுகிய கம்பியைக் கோலில் சுற்றி வெட்டினால் வளையம் விறைத்துக்கொண்டு வாய் திறந்து நிற்கும். வளையத்தைப் பற்றவைக்கத் தூவும் பற்றுப்பொடி உருகி ஓடி, ஒட்டியிருக்கும் இரண்டு முனைகளைப் பிணைக்குமே தவிர, திறந்த இடைவெளியை நிரப்பாது. கொக்கியின் கதை நேர்மாறு. தினமும் மாட்டிக் கழற்றும் உறுப்பு அது. குழைந்த கம்பியில் செய்தால் சில நாளில் வாய் அகன்று, கொலுசு தெருவில் விழும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கொக்கியைப் பற்றவைக்க நெருப்புக் காட்டியதுமே அதன் விறைப்பும் போய்விடும். அதனால் எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகு பெரியவர் கொக்கியைப் பட்டடையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுகிறார். அந்தத் தட்டலில் விறைப்பு மீள்கிறது. வீட்டில் செய்பவர்களும் இதைச் செய்யலாம். காதில் தொங்கும் கொக்கிக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி பொதுவாகப் போதும். வளைத்தபின் தட்டாமல் விட்டால் போதாது.

கேஜ் எண்ணை நம்பி வாங்குவதிலும் ஒரு குழி இருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கில் 20 கேஜ் என்றால் 0.91 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் அதே 20 கேஜ் 0.81. இரண்டிலும் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பிரிட்டிஷ் கணக்கு, இணையத்தில் வரும் கைவினைக் கம்பிகளில் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கு. மில்லிமீட்டரில் கேட்பதே உத்தமம். காயில் கம்பியின் மேல் இன்சுலேஷன் பூச்சு இருக்கும். முறுக்கிச் செய்யும் நகைக்கு அது அழகுதான். நெருப்பில் காட்டினால் பூச்சு எரிந்து புகையும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. நிக்கல் ஒவ்வாதவர்களின் காது அரித்துப் புண்ணாகும்.

பற்றவைப்பவர் பெரியவரின் மருமகள். பொடி தூவி, கேஸ் தீயின் நாக்கை ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நொடி நிறுத்தி நகர்த்துகிறார். பற்றுப்பொடியில் காட்மியம் இருந்தால் தீபட்டதும் ஆவியாகும். அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தங்க நகையில் கே.டி.எம். என்று சொல்லி விற்றார்களே, அந்தப் பெயரும் இந்தக் காட்மியத்திலிருந்து வந்ததுதான். "காட்மியம் இல்லாத பொடிதான் இப்ப வாங்குறோங்க" என்றார் அந்த அக்கா. ஆனாலும் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான்.

வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம், என்பதை வியாபாரி முடிவு செய்கிறார். தடிமனை டிசைன் முடிவு செய்கிறது. எப்போது காய்ச்சுவது, எங்கே நிறுத்துவது, எதைத் தட்டுவது என்ற பதம் மட்டுமே பட்டறைக்காரர் கையில். கொலுசு உழைப்பதும் அறுவதும் அதில்தான் இருக்கிறது. கூலிக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியபின் எல்லோருக்கும் எடை குறைந்த கொலுசு வேண்டியிருக்கிறது. அதற்குக் கம்பி மெலிய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கம்பி கிலோவுக்குச் சுமார் 120 மீட்டர் வரும்; அரை மில்லிமீட்டரானால் அதைப்போல நான்கு மடங்கு. வளையமும் அதே அளவில் பாதியாகச் சிறுத்தால் கிலோவுக்கு எட்டு மடங்கு வளையங்கள், எட்டு மடங்கு பற்றவைப்பு. மெல்லிய டிசைனுக்குக் கூலி கூடத்தான் செய்கிறது, எட்டு மடங்கு கூடுவதில்லை என்றார் பெரியவர். கொலுசு வாங்கும்போது செய்கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். கையில் எடுக்கும் கொலுசு எவ்வளவு மெல்லியதோ, அந்தப் பேரம் அவ்வளவு அநியாயம்.