நாண் ஏற்றுமுன்

மகள் வயிற்றுப் பேரன் பரணிலிருந்து அத்தாவின் வில்லை இறக்கிவிட்டான். நுனிகள் எதிர்ப்புறம் வளைந்த பழைய வில். மரத்தின் இருபுறமும் கண்ணாடி இழை ஒட்டியது.

"நன்னா, கோவளம் தர்காவுக்குப் போகும்போது கடற்கரையில் எய்து பார்ப்போமா?" என்றான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்த கலை அம்பெய்தல். உஹதுப் போரில் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் எய்த அம்புகளின் வரலாற்றை அவனுக்குச் சொன்னவனும் நானே. மறுக்க மனம் வரவில்லை. ஆயினும் நாண் ஏற்றுமுன் சோதித்தாக வேண்டும்.

நுனியிலிருந்து கண்ணை ஓட்டினேன், முறுக்கல் இல்லை. பிறகு பஞ்சை விளிம்புகளில் மெல்லத் தடவினேன். சிலிர்த்த இழை இருந்தால் பஞ்சு சிக்கும். மேற்பாதி தப்பியது. கீழ்ப்பாதியில், கைப்பிடியை ஒட்டி, பஞ்சு பற்றிக்கொண்டது. விளக்கொளியில் பார்த்தால் மரத்துக்கும் இழைக்கும் நடுவே மயிரிழை போன்ற பிளவு. நகத்தால் அழுத்தினேன், அசைந்தது. மேற்பூச்சின் கீறலாயின் கவலையில்லை. இதுவோ ஒட்டே விட்டுப்போன இடம். செங்கற்பட்டு வெயிலில், ஓட்டுக்கூரையின் கீழ் கிடந்த பொருளுக்குப் பசை இளகுவதில் வியப்பென்ன?

"பசை தடவி ஒட்டிவிடலாமே, நன்னா?"

"வெளியே ஒட்டும், உள்ளே ஒட்டியதா என்பதை எப்படி அறிவது? இழுக்கும்போது முறிந்தால் சில்லு முகத்தில் பாயும்."

அவன் முகம் வாடியது. எனக்கும் வலித்தது; அத்தாவின் கை பட்ட பொருளாயிற்றே.

மாமல்லபுரத்து மகிஷமர்த்தினி குகையில், 7-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய வில் இன்றும் வளைந்தே நிற்கிறது. மரவில்லுக்கு அந்த ஆயுள் இல்லை.

நாணின்றி அதைச் சுவரில் மாட்டினேன். அத்தாவின் வில் ஓர் அமானிதம். பேரனின் கண் அதனினும் பெரிய அமானிதம்.