ஆறின இன்ஜின்

21 ஜனவரி 2024, ஞாயிறு

விடிந்ததும் கோவில்பட்டி அத்தானிடமிருந்து போன். பெரியவளுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் கூடாதாம். சொந்தமாக ஒரு பென்ஸ் வேண்டும், கிடைக்காவிட்டால் பி.எம்.டபிள்யூ. கையில் ஏழு லட்சம் இருக்கிறது, கடலைமிட்டாய் விற்றுச் சேர்த்தது. "ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்க, ஒனக்குத் தெரியாததா மாப்ள?" என்கிறார். ஒட்டப்பிடாரத்தில் நான் விற்பது டிராக்டர் பில்டரும் மினி லாரி பிரேக் ஷூவும். ஆனால் இதைச் சொன்னால் அவர் கேட்கிற ஆள் இல்லை.

பகல் முழுக்க வாட்ஸப்பில் படங்கள். ஒன்றையொன்று மிஞ்சும் பளபளப்பு. பாஞ்சாலங்குறிச்சிக்காரனுக்குப் பெயின்ட் மேல் மயக்கம் வராது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கட்டபொம்மன் இருந்த கோட்டை என்று சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பது 1974-ல் கட்டியதை. 1799 சண்டைக்குப் பிறகு வெள்ளைக்காரன் இடித்துத் தள்ளியதன் அஸ்திவாரம் தரையோடு கிடக்கிறது, அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த வண்டிகளில் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டி விலைதான் இறங்கும், உதிரி பாகம் விலை இறங்காது. நாற்பது லட்சத்து வண்டி நாலு லட்சத்துக்கு வந்தாலும் அதற்குப் போட வேண்டியது நாற்பது லட்சத்து வண்டியின் இன்ஜெக்டர்தான். அத்தானிடம் சொன்னேன். "பாக்கத்தானே போறோம்" என்றார்.

22 ஜனவரி, திங்கள்

பெரியப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். 74 வயது. ஐம்பது வருடமாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து ஆயில் இன்ஜின் பிரித்தவர். போன டிசம்பர் மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே அந்த மழையில், முங்கிப்போன இன்ஜின்கள் இன்னும் அவர் முற்றத்தில் வரிசையாகக் கிடக்கின்றன. மொத்தம் பதினொன்று. உளுந்தும் போய், இன்ஜினும் போய், கூலி கேட்கவே அவருக்கு வாய் வரவில்லை.

பென்ஸ் என்றதும் சிரித்தார். "எந்த இன்ஜினும் நாலு காரியந்தாம்லே செய்யுது. இழுக்குது, நெருக்குது, எரிக்குது, தள்ளுது." வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டார். "ஆறின இன்ஜினாக் காட்டச் சொல்லு. சூட்டுல அது நடிக்கும்."

25 ஜனவரி, வியாழன், தைப்பூசம்

மதுரை. 2010 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, நாலே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ல் தொடங்கிய ஆலையில் பூட்டிய வண்டி.

பெரியப்பா யாரோடும் பேசவில்லை. நேரே போய்ப் பானட் மேல் உள்ளங்கையை வைத்தார். கொதிக்கிறது. "நீங்க வர்றீங்கன்னு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்" என்றான் தரகன். அதற்கு அவசியமே இல்லை. வண்டி சூடாக இருந்தால் உலோகம் விரிந்து பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவில் உள்ள சந்து அடைபட்டுவிடும். மேலே ஏறின ஆயில் அங்கேயே நிற்கும். குளிரில் தள்ளுகிற புகையும் தட்டுகிற சத்தமும் அப்போது தெரியாது. "நாளைக்கு விடிய வாரோம், சாவியை யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுத்தோம். அத்தானுக்கு ரூம் வாடகையில் வருத்தம்.

26 ஜனவரி, வெள்ளி

காலை ஆறு மணி. பானட் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஸ்டார்ட் செய்தோம், புகை இல்லை. பெரியப்பா முன்பக்கம் குனிந்து கேட்டு, "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கே வாங்கிவிடலாம் என்று பட்டது.

ஸ்கேன் பார்க்கக் கூட்டிப்போன தம்பிதான் தடுத்தான். "தாத்தா, முன்னாடி கேக்காதீங்க. இதுக்கு டைமிங் செயின் பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம்." இந்த இன்ஜினுக்கு என்.47 என்று பெயர். 2007 முதல் 2011 வரை செய்தவற்றில் அந்தச் செயின் தேய்ந்து அறுவது உலகம் முழுக்கத் தெரிந்த கதை என்றான். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அறுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடலாம் என்றாலும், இருப்பது பின்னால் என்பதால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது.

பெரியப்பா நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வாங்கி முனையை இன்ஜினின் பின்பக்கம் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குக் கீழே எலும்பில் வைத்துக்கொண்டார். "லேசா ரேஸ் பண்ணு." முள் 1,500-ஐத் தாண்டும்போது கண்ணை மூடினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் காதில் வைத்தார். தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், சீராக வந்துகொண்டே இருந்தது. "சங்கிலி தொங்கிப்போச்சு. செவத்தை ஒரசிட்டுப் போவுது."

இன்னொன்றும் சிக்கியது. மீட்டரில் ஓடியது 84,000. கம்ப்யூட்டரில் கிடந்த பழைய கோளாறுப் பதிவு ஒன்றில், அது நடந்தபோது வண்டி ஓடியிருந்த தூரம் 1,31,000 என்று இருந்தது. மீட்டரைத் திருப்பினவன் அந்த மூலையை மறந்துவிட்டான்.

ஐம்பது வருடக் கைப்பழக்கம் முன்பக்கம் கேட்கச் சொல்லியது. மூன்று வருடம் வேலை பார்த்த பையன் பின்பக்கம் கேட்கச் சொன்னான். வண்டியின் பெயரைக் கேட்கிறோம், மாடல் கேட்கிறோம், எந்த இன்ஜின் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரே பெயரில் நல்ல இன்ஜினும் வந்திருக்கும், வீட்டை விற்க வைக்கிற இன்ஜினும் வந்திருக்கும்.

28 ஜனவரி, ஞாயிறு

தூத்துக்குடியில் சி220 பென்ஸ். சென்னை வண்டி, 2014. ஆறு லட்சம் என்றதுமே உறுத்தியது. இந்த மாடலுக்கு அது குறைச்சல். உள்ளே நறுமணம் மூக்கை அடைத்தது.

டிரைவர் சீட் பெல்ட்டை அது முடிகிற வரை இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. அதற்கு மேல் பெல்ட் கறுப்பு, கீழே மங்கல். நம் கரிசல் சேறு என்றால் இந்த நிறம் வராது. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் காய்ந்த வண்டல். டிசம்பர் 4 சென்னை வெள்ளமா, பிறகு இங்கே வந்த வெள்ளமா என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இன்ஜின் அழகாக ஓடியது. அத்தான், "ஓடுதே!" என்றார். பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி நசுங்காதுய்யா. உள்ள தண்ணி நிக்கும்போது சுத்திவிட்டா கனெக்டிங் ராடு வளையும். என் முற்றத்துல ரெண்டு கெடக்கு, வந்து பாருங்க. வளைஞ்ச ராடு அன்னைக்கே ஒடியாது. ஓடிக்கிட்டே இருந்து ஒருநாள் பிளாக்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும்." ஸ்கேன் வைக்கவே இல்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

1 பிப்ரவரி, வியாழன்

இப்போது அத்தானுக்கு டெல்லி ஆசை. அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. அதனால் அங்கிருந்து அள்ளிக்கொண்டு வருகிறார்கள். விலை குறைவதற்கு இன்ஜின் காரணமில்லை, சட்டம்தான் காரணம். ஆகவே நல்ல வண்டியும் உண்டு. ஆனால் என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, வரி எல்லாம் கூட்டினால் மிச்சம் கரைந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேல், டெல்லி தை மாதக் குளிரில் ஆறின இன்ஜினைப் போய்த் தொட்டுப் பார்க்கிறது யார்? வேண்டாம் என்றேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு

திருநெல்வேலி. மெர்சிடிஸ் இ220 சி.டி.ஐ., 2009 மார்ச் பதிவு. ஒரே கை. மீட்டரில் 1,38,000. வண்டியின் சொந்தக்காரப் பெரியவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் தேதிவாரியாகக் குத்தியிருந்தது. கம்பெனி சொன்ன 15,000-க்கு அவர் காத்திருக்கவில்லை, எட்டாயிரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருக்கிறார். ஆயில் தரமும் பில்லில் இருக்கிறது: 229.51. எனக்குப் பாதி மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

காலை ஆறரைக்கே போயிருந்தோம். ஆறின இன்ஜின், ஒரே சுற்றில் பிடித்தது. சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டினோம். லேசான கரி பட்டது, எண்ணெய்ப் பசை இல்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. ஆயில் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வைத்தார் பெரியப்பா. மூடி நடுங்கியது, குதிக்கவில்லை. "ரிங்கு பிடிச்சு நிக்குது." ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் வெகுநேரம் தேய்த்தார். டீசல் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், நறநறப்பு இருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கணக்கு. இல்லை.

ஸ்கேன் தம்பியும் வந்திருந்தான். நாலு இன்ஜெக்டரின் அளவும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தது. இதில் இருப்பது ஓ.எம்.646. செயின் முன்பக்கம், பெரியப்பாவுக்குப் பிடித்த இடத்தில்.

நான்கு வழிச்சாலையில் கயத்தாறு வரை ஓட்டினேன். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்து மணிமண்டபம் வரை போய்த் திரும்பினோம். ஏ.சி. போட்டு வேகம் பிடித்தும் வெப்ப முள் அசையவில்லை. ஒரு குறை: இரண்டிலிருந்து மூன்றாம் கியர் விழும்போது சின்ன உதை. கோப்பைத் திரும்பப் புரட்டினால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் ஒன்றுகூட இல்லை. இன்ஜினைப் பிள்ளை மாதிரி பார்த்த மனுஷர் கியர்பாக்ஸை மறந்திருக்கிறார்.

ஐந்தே கால் கேட்டார். கியர்பாக்ஸையும் மார்ச்சில் முடிகிற ஆர்.சி.யையும் சொல்லி நாலே முக்காலில் நின்றது.

7 பிப்ரவரி, புதன்

அத்தானுக்கு அரைத் திருப்தி. 2009 வண்டியா என்று அக்கா கேட்டாளாம். கல்யாணத்துக்கு வருகிற எவனும் ஆர்.சி. புக் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். மீதி இரண்டேகால் லட்சத்தைக் கல்யாணச் செலவில் சேர்க்கக்கூடாது, அது வண்டியின் பணம் என்று அக்கா தலையில் அடித்து வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இதுவரை செலவு: ஸ்கேன் இரண்டு தடவை 3,000, டீசல் 4,100, மதுரை ரூம் 1,400, சாப்பாடு 1,250. பெரியப்பா கூலி வாங்கவில்லை. ஆர்.சி. மார்ச் 18-ல் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000, பசுமை வரி தனி. எஃப்.சி. காட்டுவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியாக வேண்டும்.