உபாத்தியாயருக்கும் ஒரு வகுப்பு

உபாத்தியாயர்கள் பிறருக்குக் கற்பிப்பார்கள் என்று உலகம் நம்புகிறது. அவர்களும் கற்றுக்கொள்ளக்கூடும் என்ற சந்தேகம் ஒருவருக்கும் உதிப்பதில்லை. எங்களுக்கே அது வெகு காலம் உதிக்கவில்லை.

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். பின்னக் கணக்கென்றால் நடுங்கும் பிள்ளைகளை ஒரு காகிதத்தை மடித்துக் காட்டியே வசப்படுத்திவிடுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் புகழ்ந்து பேசி அனுப்பினோம். அவருடைய வித்தையும் அவரோடு வாசற்படி தாண்டிவிட்டது.

மறு வருஷம் அந்த வகுப்பு என் தலையில் விழுந்தது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, ‘ஐந்தில் இரண்டு’ என்று பாதிப் பிள்ளைகள் எழுதினார்கள். தவறு என்று என்னால் சொல்ல முடிந்ததே தவிர, அதை அவர்கள் மனத்தில் பதியவைக்க முடியவில்லை. பட்டதாரி, 20 வருஷ அநுபவசாலி. யாரிடம் போய்க் கேட்பது?

அப்போது நினைவுக்கு வந்தார் ஆண்ட்ரூ பெல். 1789-ல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் அவர். நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த முயன்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்கி வரவில்லை. கடைசியில் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே அதை நடத்திக் காட்டினார்! கற்க மறுத்த அந்த ஆசிரியர்களின் வரிசையில் நானும் நிற்பதாகத் தோன்றியது.

வெட்கத்தை விட்டு, ஒரு சனிக்கிழமை ஐந்து பேரை ஆசிரியர் அறையில் கூட்டி என் தோல்வியைச் சொன்னேன். சிறிது நேரம் மௌனம். பிறகு, சென்ற வருஷம் வேலைக்கு வந்த இளம் ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“ஐந்தில் இரண்டு என்பது அரையை விடக் குறைவாயிற்றே, ஸார்! அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது குறையுமா என்று பிள்ளைகளையே கேட்டால் என்ன?”

எனக்குச் சுரீரென்றது. திங்கட்கிழமை அப்படியே கேட்டேன். வகுப்பு விழித்துக்கொண்டது!

ஜப்பானில் ஆசிரியர்கள் பலர் கூடி ஒரே பாடத்தைத் தயாரிப்பார்கள். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் உடனிருந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து பாடத்தை ஆராய்வார்கள். பழுது கண்டால் அது பாடத்தின் பழுதாகிறது. நடத்தியவரின் மானத்துக்குப் பங்கமில்லை. எங்கள் சனிக்கிழமைக் கூட்டமும் இப்போது அவ்வழியே நடக்கிறது.

சென்ற மாதம் பழைய கணக்கு ஆசிரியரையும் அழைத்திருந்தோம். ஒரு காகிதத்தை ஆறு சமபாகமாக மடித்து, அரைக்கு மூன்று பாகம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு பாகம், ஆக ஆறில் ஐந்து என்று காட்டினார். அரை நிமிஷ வேலை!

“இதை அப்போதே சொல்லியிருக்கலாமே, ஐயா?” என்றேன்.

“ஒருவரும் கேட்கவில்லையே, அப்பா!” என்றார் அவர்.