திரையிற் கண்டதும் தரையிற் கண்டதும்

நியூயோர்க் நகரில் நாம் கால் வைத்தது 2024 ஆம் ஆண்டிலேதான். ஆனால், அந்நகரை நன்கறிந்தவர் போல எண்ணியிருந்த காலமோ அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பல்கலைக்கழக விடுதியில் இருந்த நாட்களில், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு உதவும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, ‘பிரென்ட்ஸ்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடரை நண்பர்களுடன் கூடியிருந்து பார்த்தோம். 1994 முதல் 2004 வரை 236 அத்தியாயங்களாக ஒளிபரப்பான தொடர் அது. ஆறு இளைஞர், எதிரெதிரே இரண்டு வீடுகள், கீழே ஒரு கோப்பிக் கடை: இவ்வளவுமே நியூயோர்க் என்று எம் நெஞ்சிற் பதிந்துவிட்டது.

பின்னாளில் வீட்டிலும் அதனைப் பார்த்ததுண்டு. அருகிலிருந்த அன்னைக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் ஆட்களைப் பார்க்கவில்லை, வீட்டையே பார்த்தார். “உது குசினியோ, கலியாண மண்டபமோ?” என்று ஒருநாள் கேட்டார். நாம் சிரித்தோம்.

சில ஆண்டுகளில் எம் தம்பி அந்த நகரிலேயே சென்று குடியேறினான். இளைய மகனோடு ஓராண்டேனும் இருந்து வரவேண்டும் என்பது அன்னையின் ஆசை. தொலைபேசியிற் கேட்கும்போதெல்லாம் “வாற வருசம் பாப்பம் அம்மா” என்பான் தம்பி. அந்த “வாற வருசம்” வரவேயில்லை. 2019 ஆம் ஆண்டில் அன்னை காலமானார். தம்பி வந்தான், அந்தியேட்டி முடியும்வரை இருந்தான், சென்றான். அவனுடன் நாம் மனம்விட்டுப் பேசவில்லை. அத்தனை பெரிய வீடுகள் உள்ள ஊரிலே பெற்ற தாய்க்கு ஒரு மூலை இல்லாமற் போயிற்றோ என்ற வினா, முள்ளாக உள்ளே கிடந்தது. அந்தப் ‘பெரிய வீடுகளை’ நாம் எங்கே கண்டோம் என்று எம்மை நாமே ஒருபோதும் கேட்டதில்லை.

சென்று பார்த்தபோது தம்பியின் வீடு குயீன்ஸ் பகுதியில், மின்தூக்கி இல்லாத கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் இருந்தது. படுக்கையறை ஒன்று, அதிலே தம்பியும் மனைவியும் இரு பிள்ளைகளும். முன்னறையில் ஒரு சோபா. அதுவே எமக்குக் கட்டில். குசினியிலே குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்க வேண்டுமானால் உள்ளே நிற்பவர் வெளியே வரவேண்டும். யன்னலைத் திறந்தால் கைக்கெட்டுந் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் செங்கற் சுவரும், தீ விபத்தின்போது இறங்குவதற்கான இரும்புப் படிகளும். தம்பி மருந்துக் கடையொன்றில் இரவு வேலை செய்து காலையில் வருவான். மனைவி காலையில் வேலைக்குப் புறப்படுவாள். இருவரும் ஒருவரையொருவர் அதிகமாகக் காண்பது மாடிப்படியிலேதான்.

மறுநாள் தம்பி எம்மை மன்ஹற்றன் பகுதிக்கு அழைத்துச் சென்றான். கிறெனிச் கிராமம் எனப்படும் பழைய பகுதியில், பெட்ஃபோர்ட் வீதியும் குறோவ் வீதியும் சந்திக்கும் மூலையிலே, 90 ஆம் இலக்கக் கட்டடம் நிற்கின்றது. ‘பிரென்ட்ஸ்’ தொடரில் அடிக்கடி வெளித்தோற்றமாகக் காட்டப்பட்டது அதுவே. உல்லாசப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தனர். நாமும் எடுத்தோம். கோப்பிக் கடை எங்கே என்று தேடினோம்; அது அங்கே என்றும் இருந்ததில்லை. தொடர் பெரும்பாலும் படமாக்கப்பட்டது கலிபோர்ணியாவின் பேர்பாங்க் நகரிலுள்ள ஸ்ரூடியோவில். ஆரம்பப் பாடலில் அவர்கள் குதித்தாடும் நீர்த்தடாகமும் அவ்வூரிலேயே உள்ளது. நியூயோர்க்கின் பெயரை உலகெங்கும் பரப்பிய அந்த வீடு, நியூயோர்க்கிலிருந்து ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்திருக்கின்றது!

ஊர் திரும்பியபின் இவ்விடயத்தைச் சற்று ஆராய்ந்தோம். 1951 இல் தொடங்கி 1957 வரை நடந்த ‘ஐ லவ் லூசி’ என்னும் புகழ்பெற்ற தொடரும் நியூயோர்க்கையே களமாகக் கொண்டது, எடுக்கப்பட்டதோ ஹொலிவூட்டில். பார்வையாளர் முன்னிலையில் நடிகர் நடிக்க, மூன்று கமெராக்கள் ஒருங்கே படம்பிடிக்கும் முறையை நிலைபெறச் செய்தது அத்தொடரே. இம்முறையில் வீட்டுக்கு நான்காம் சுவர் இருத்தல் ஆகாது. கமெராக்கள் உருண்டோட இடம் வேண்டும்; இருக்கைகளில் அமர்ந்திருப்போருக்கு எல்லாம் தெரியவேண்டும். ஆகவே, கூடம் விரிந்தது, குசினி மண்டபமாயிற்று. அன்னை கேட்ட கேள்விக்கு விடை இதுவே. வீட்டை விரித்தது அந்த நகரத்தின் செல்வமன்று, கமெராவின் தேவை.

அதே தொடரில் கதாநாயகியின் விலாசம் கிழக்கு 68 ஆம் வீதி, 623 ஆம் இலக்கம். அவ்வீதியிலே அத்தனை இலக்கங்கள் இல்லை; எண்ணிக்கொண்டே போனால் கிழக்கு ஆற்றுக்குள் இறங்கவேண்டியதுதான்! ‘பிரென்ட்ஸ்’ எழுதியவர்கள் தம் பெரிய வீட்டுக்கு ஒரு காரணம் கூறினர். பாட்டியின் பெயரில் உள்ள, வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீடு என்பது அது. அத்தகைய சட்டம் உண்மையில் உண்டு. ஆனால், 1947 இற்கு முன் கட்டப்பட்ட கட்டடமாக இருத்தல் வேண்டும். குடியிருப்பவர் 1971 ஜூலைக்கு முன்பிருந்து தொடர்ந்து அங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். உறவினர் அவ்வுரிமையைப் பெறுவதாயின் பொதுவாக ஈராண்டுகளேனும் அவருடன் கூடி வாழ்ந்திருக்க வேண்டும். தம்பியைப் போல் அண்மையில் வந்திறங்கியவர்க்கு அப்படியொரு பாட்டி எங்கே கிடைப்பாள்?

இன்னொன்றும் எம் சிந்தையில் உறைத்தது. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரில் வாழ்ந்தோர் 88 இலட்சம் பேர். அவர்களுள் மன்ஹற்றனில் வாழ்ந்தவர் ஐவரில் ஒருவர் கூட இல்லை. தம்பி வாழும் குயீன்ஸிலோ 24 இலட்சம் பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேறு நாடுகளிற் பிறந்தவர்கள். ஏழாம் இலக்கப் புகையிரதத்தில் ஒருமுறை சென்றால் எத்தனை மொழிகள் காதில் விழுகின்றன! அதன் கடைசித் தரிப்பிடமாகிய ஃபிளஷிங்கிலிருந்து சற்றுத் தூரத்தில், 1977 இல் கும்பாபிஷேகம் கண்ட விநாயகர் ஆலயம் இருக்கின்றது. அங்கே வணங்கி, கீழ்த்தளச் சிற்றுண்டிச் சாலையிலே தோசையும் உண்டோம். நாம் பார்த்த நகைச்சுவைத் தொடர் எதிலும் இந்த நியூயோர்க்கை நாம் கண்டதில்லை.

ஆயினும், திரை முழுவதும் பொய் என்று கூறிவிடுதல் நீதியாகாது. தம்பியின் கட்டடத்தில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் வசிக்கின்றார். அந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சிரித்துக்கொண்டே எமக்குச் சொன்னார்: 1955 இல் தொடங்கிய ‘த ஹனிமூனர்ஸ்’ தொடரே தம் வீட்டை ஒத்தது என்று. புறூக்ளினில் வாழும் ஒரு பஸ் சாரதியின் வெறுமையான குசினிதான் அதன் களம். அதில் நடித்த ஜக்கி கிளீசன், தாம் சிறுவயதில் வாழ்ந்த சோன்சி வீதியையே கதைக்கும் விலாசமாக்கினார். ஏழ்மையை அறிந்தவர் கையில் பொய்க் குசினியும் மெய்யாகிவிடுகின்றது. ‘சைன்பெல்ட்’ தொடரும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேயே எடுக்கப்பட்டதுதான். எனினும், உணவுச்சாலையில் மேசைக்காக அத்தியாயம் முழுவதும் காத்து நிற்பதையும், கார் நிறுத்தும் இடத்துக்காக இருவர் சண்டையிடுவதையும் கண்டு, “அது எங்கள் ஊரேதான்” என்றார் அவர்.

பூட்டாத கதவைத் தள்ளிக்கொண்டு அயலவர் உள்ளே வருவது தொடர்களில் வழக்கம். தம்பியின் கதவுக்கோ மூன்று பூட்டுகள். இதுவும் பொய்யென்று நாம் தீர்ப்புச் சொல்ல இருந்த வேளையில், எதிர் வீட்டிலுள்ள கொலம்பிய நாட்டு மூதாட்டி ஒருவர் தம் கையிலிருந்த திறப்பினால் மூன்றையும் திறந்து உள்ளே வந்தார். பிள்ளைகள் பாடசாலையால் வந்ததும் தாய் வரும்வரை அவர்களைப் பார்த்துக்கொள்பவர் அவரே. பெறாமகள் அவரைப் பாட்டி என்றே ஸ்பானிய மொழியில் அழைக்கின்றாள். அதைக் கேட்டதும் எமக்கு அன்னையின் நினைவு வந்தது.

அன்றிரவு தம்பிக்கு விடுமுறை. பிள்ளைகள் உறங்கியபின் முன்னறையில் இருவரும் இருந்தோம். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவனே கூறினான்:

“அம்மா கேக்கேக்கை எல்லாம் இந்தச் சோபாவைத்தான் பாத்தனான் அண்ணை. நாலு மாடி. அம்மாவின்ரை முழங்கால் உங்களுக்குத் தெரியும்தானே. ஏறினால் பிறகு இறங்கமாட்டா. மாரி காலத்திலை இந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு...”

“ஏனடா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“சொன்னால் அம்மா அழுவா. நீங்கள் நம்பமாட்டியள்.”

அவன் கூற்று உண்மை. நாம் நம்பியிருக்க மாட்டோம். சொந்தத் தம்பியின் சொல்லைவிட, பேர்பாங்கில் அமைத்த பலகைச் சுவர்களை நாம் பெரிதும் நம்பியிருந்தோம். அவனும் குற்றமற்றவன் அல்லன். பனி மூடிய பூங்காவையும் புறூக்ளின் பாலத்தையும் படமெடுத்து அனுப்பினானேயன்றி, இந்தக் குசினியை ஒருநாளும் அனுப்பவில்லை. நாமோ? அன்னைக்கு நோய் கண்ட முதல் மாதங்களில், “அம்மா சுகமாய் இருக்கிறா” என்றே அவனுக்குச் சொல்லிவந்தோம். ஆக, அவன் எமக்கு ஒரு தொடர் காட்டினான். நாம் அவனுக்கு ஒரு தொடர் காட்டினோம். இரண்டிலும் நான்காம் சுவர் இல்லை.

இப்போது வகுப்பிலே, “சேர், நியூயோர்க் பிரென்ட்ஸிலை வாற மாதிரியோ?” என்று மாணவர் கேட்பதுண்டு. தொடரைப் பார்க்கவேண்டாம் என்று நாம் தடுப்பதில்லை. எமக்கும் அது இன்றும் சிரிப்பூட்டவே செய்கின்றது. “பார்க்கும்போது நாலாவது சுவர் எங்கே என்று கேட்டுக்கொண்டு பாருங்கள், அங்கே வாழும் உறவினர் எவரேனும் இருந்தால், அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்” என்றே கூறுகின்றோம்.

ஞாயிறுதோறும் தம்பி தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுகின்றான். முன்னெல்லாம் பூங்காவில் நின்று பேசுவான். இப்பொழுது குசினியில் நின்றே பேசுகின்றான்; பின்னால் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கவேண்டுமென்றால், “பொறுங்கோ அண்ணை” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்கின்றான்.